பழைய வீட்டைப் புதுப்பித்தல்: குடியிருந்தபடியே செய்வதா, வெளியேறிவிட்டுச் செய்வதா?

பழைய குடும்ப வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று முடிவானதும் பேச்சு பெரும்பாலும் தரைக்கு எந்த டைல்ஸ், சுவருக்கு என்ன வண்ணம், சமையலறை மேடை எந்தப் பக்கம் என்றே தொடங்குகிறது. வேலை நடக்கும் மாதங்களில் குடும்பம் எங்கே இருக்கப்போகிறது என்பது கடைசியில், பல வீடுகளில் ஒப்பந்தக்காரர் வந்து நின்ற பிறகுதான் பேசப்படுகிறது. செலவு, காலம், வேலையின் தரம், வீட்டிலிருப்போரின் உடல்நலம் ஆகிய நான்கும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைவதால், அதை முதலில் எடுத்துக்கொள்வதே முறை.

வழிகள் மூன்று. வீட்டை முழுவதும் காலி செய்துவிட்டு எல்லா வேலைகளையும் ஒரே தொடர்ச்சியில் முடிப்பது ஒன்று. உள்ளேயே வாழ்ந்துகொண்டு, பணமும் நேரமும் அமைவதற்கேற்பக் கட்டம் கட்டமாகச் செய்வது இன்னொன்று. மிகக் கடினமான ஒரு கட்டத்துக்கு மட்டும் வெளியேறி, மற்றவற்றை உள்ளே இருந்தபடி செய்துகொள்வது மூன்றாவது. பெரும்பாலான குடும்பங்களுக்கு மூன்றாவது வழியே பொருந்தும் என்பது என் கருத்து. ஆயினும் அது பலன் தருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கட்டங்களை அறைவாரியாகப் பிரிக்கக்கூடாது, கூரை, தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் என்று வீடு முழுவதும் ஊடுருவிச் செல்பவற்றை முன்னே வைத்துப் பிரிக்க வேண்டும்.

முழுவதும் வெளியேறுவதன் நன்மைகள் தெளிவானவை. கொத்தனார், குழாய் வேலை செய்பவர், மின்பணியாளர், தச்சர் ஆகியோர் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, வேலையின் இயல்பான வரிசையில் வர முடிகிறது. இடிப்பு முழுவதும் முதலிலும் பூச்சு முழுவதும் நடுவிலும் வண்ணம் முழுவதும் இறுதியிலும் நடக்கிறது. மாலைதோறும் வீட்டைக் குடும்பத்துக்கு ஒப்படைக்கக் கூட்டித் துடைத்து, காலையில் மீண்டும் மூடுதுணி விரித்துத் தொடங்கும் நேரம் மிச்சமாகிறது. உள்ளே ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் இந்த ஒன்றே வேலைநாளின் கணிசமான பங்கைத் தின்றுவிடும். தண்ணீரையோ மின்சாரத்தையோ எந்நேரமும் நிறுத்தலாம். சாரமும் கருவிகளும் ஒரே முறை வந்து ஒரே முறை திரும்புகின்றன.

இதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. வாடகை, முன்பணம், பொருள்களை இருமுறை ஏற்றி இறக்கும் செலவு, இடமில்லாத பொருள்களைச் சேமித்து வைக்கும் செலவு ஆகிய அனைத்தும் புதுப்பித்தலின் கணக்கில் சேர வேண்டியவை. வேலை தாமதமானால் வாடகையும் உடன் நீளும். பழைய வீட்டில் சுவரைத் திறந்த பிறகே பல சேதங்கள் தெரியவருவதால் தாமதம் விதிவிலக்காக இருப்பதில்லை. இவற்றைவிட முக்கியமானது, எல்லா முடிவுகளையும் ஒரே நேரத்தில் எடுத்தாக வேண்டிய நெருக்கடி. எந்தச் சன்னலைப் பெரிதாக்குவது, எந்த அறையை எதற்குப் பயன்படுத்துவது என்பவற்றையெல்லாம் ஒரு வரைபடத்தைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. முழுத் தொகையும் முன்கூட்டியே கைவசம் இருக்க வேண்டியிருக்கிறது.

குடியிருந்தபடி செய்வதில் பணம் சிறிது சிறிதாகச் செலவாகிறது என்பதை எல்லோரும் அறிவர். அதைவிட ஆழமான நன்மை ஒன்று உண்டு. வீட்டில் வாழ்பவர்களுக்கு அதன் குணம் தெரியும்: மழை எந்த மூலையில் இறங்குகிறது, எந்தச் சுவர் பிற்பகலில் கொதிக்கிறது, எந்தக் கதவு ஈரமான பருவத்தில் இறுகுகிறது என்பதை எந்த ஆய்வாளரும் ஒரு நாள் வருகையில் கண்டுபிடிக்க முடியாது. முதல் கட்டத்தில் கற்றுக்கொண்டது இரண்டாம் கட்டத்துக்கு உதவுகிறது. வேலை செய்பவரின் திறமையைச் சிறிய பணியில் பார்த்துவிட்டுப் பெரிய பணியை ஒப்படைக்கலாம். அன்றன்று நடப்பது கண்ணில் படுவதால், மறைந்துபோகும் குறைகள் மறைவதற்கு முன்பே தெரிகின்றன.

எதிர்ப்பக்கத்தில், மொத்தக் காலம் மிக நீண்டுவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆட்களும் சாரமும் புதிதாக வர வேண்டியிருப்பதால், ஒரே வேலையைப் பிரித்துச் செய்தால் கூலியும் போக்குவரத்தும் கூடுதலாகின்றன. ஒரு தொகுதியில் வாங்கிய டைல்ஸின் நிறமும் அளவும் அடுத்த தொகுதியில் சற்று மாறியிருக்கும். சில ஆண்டுகள் கழித்து அந்த வகையே சந்தையில் இருக்காது. ஆகவே ஒரே தரையைக் கட்டங்களாகப் போட நினைப்பவர்கள் முழுத் தேவைக்கும், உடைவதற்கான கூடுதலுக்கும் சேர்த்து முதலிலேயே வாங்கி வைப்பது நல்லது. முடிக்காத வேலையோடு வாழப் பழகிவிடுவது இன்னொரு ஆபத்து. பூசப்படாத சுவரும் மூடப்படாத மின்பெட்டியும் சில மாதங்களில் கண்ணுக்குப் பழகிப்போகின்றன. அடுத்த கட்டம் தள்ளிப்போகிறது. தற்காலிகமாகப் போட்ட ஒயர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தொங்குகிறது.

இந்த இரண்டாம் வழியைத் தேர்ந்தவர்களில் பலர் இடறுவது கட்டங்களைப் பிரிக்கும் முறையில்தான் என்பதால், அதை விரிவாகப் பார்க்க வேண்டும். இந்த ஆண்டு குளியலறை, அடுத்த ஆண்டு சமையலறை, அதற்கடுத்து படுக்கையறைகள் என்று அறைவாரியாகப் பிரிப்பது இயல்பாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கண்ணுக்கு நிறைவான ஓர் அறை கிடைக்கிறது. செலவையும் எளிதாகக் கணிக்க முடிகிறது. ஆனால் வீட்டின் குழாய்களும் ஒயர்களும் அறைகளின் எல்லையை மதிப்பதில்லை. குளியலறைக்கு வரும் தண்ணீர்க் குழாய் கூடத்தின் சுவர் வழியாக வரக்கூடும். அதன் கழிவு சமையலறைத் தரைக்குக் கீழே போகக்கூடும். ஒரே மின்சுற்றில் மூன்று அறைகளின் விளக்குகள் இருக்கக்கூடும். முதலில் முடித்த குளியலறையை, மூன்றாம் கட்டத்தில் பிரதான குழாயை மாற்றும்போது மீண்டும் உடைக்க நேர்ந்தால், அந்த டைல்ஸ், நீர்த்தடுப்புப் பூச்சு, கூலி அனைத்தும் இருமுறை செலவானவையே.

பழையதும் புதியதும் சேரும் இணைப்புகள் தனியே கவனிக்க வேண்டியவை. அறைவாரிப் பிரிப்பில் இத்தகைய இணைப்புகள் பெருகுகின்றன, பல ஆண்டுகள் அப்படியே நீடிக்கவும் செய்கின்றன. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயுடன் செம்புக் குழாயை நேரடியாக இணைத்தால் மின்வேதி அரிப்பினால் இரும்புப் பக்கம் விரைவாகக் கெடும். இரண்டுக்கும் இடையே மின்கடத்தாப் பொருளால் ஆன இணைப்பு தேவை. அலுமினிய ஒயரைச் செம்பு ஒயரோடு சாதாரணமாக முறுக்கிச் சேர்த்தால், அலுமினியத்தின் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு படலமும் இரு உலோகங்களின் மாறுபட்ட வெப்ப விரிவும் சேர்ந்து இணைப்பைத் தளர்த்திச் சூடாக்கும். தீ விபத்துக்கு அது ஒரு தெரிந்த காரணம். மேலும், பழைய இரும்புக் குழாய்களின் உள்ளே துரு படிந்து வழி சுருங்கியிருக்கும். ஒரு பகுதிக்கு மட்டும் புதிய குழாய் போட்டு அழுத்தத்தைக் கூட்டினால், நலிந்த பழைய பகுதி வேறோர் இடத்தில் கசியத் தொடங்கும்.

ஆகவே உள்ளமைப்புவாரியாகப் பிரிப்பதையே நான் வலியுறுத்துவேன். முதற்கட்டம் கூரையும் வெளிச்சுவரும் மழைநீர் வடிகாலும். ஒழுகும் கூரைக்குக் கீழே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது என்பதால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. அடுத்து கட்டமைப்பு: விரிசல்கள், கரையான் அரித்த உத்திரங்கள், துருப்பிடித்து கான்கிரீட்டைப் பிளந்து நிற்கும் கம்பிகள், எடுக்க நினைக்கும் சுவர்கள். அதன் பிறகு தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றையும் வீடு முழுவதற்கும் ஒரே கட்டத்தில் சுவருக்குள் புதைத்துவிட வேண்டும். இதற்குப் பின்னரே பூச்சு, தரை, மரவேலை, வண்ணம் ஆகியவை வரும். அவற்றை அறை அறையாக, எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டு வேண்டுமானாலும் செய்யலாம். இந்த முறையின் குறை, முதல் மூன்று கட்டங்களிலும் பெரும் பணம் செலவான பிறகும் வீடு அழகாகத் தெரியாது என்பதே. குடும்பத்தினருக்கு இதனால் ஏற்படும் சோர்வு உண்மையானது. அதை முன்கூட்டியே பேசித் தெளிந்துகொள்ளாத வீடுகளில், பாதியிலேயே யாராவது ஒருவர் வண்ணம் அடிக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

வரிசை எவ்வளவு முக்கியமோ, உலர்வதற்கு விடும் இடைவெளியும் அவ்வளவு முக்கியம். சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டின் பலம் 28 நாளில் எட்டும் அளவைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. மணலும் சிமெண்டும் கலந்து போடும் தளச்சாந்து, 50 மில்லிமீட்டர் தடிமன் வரை, நல்ல காற்றோட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் உலரும் என்பது கட்டுமானத்தில் வழங்கும் பொதுவிதி. புதிய பூச்சு நன்கு உலர்வதற்கு முன் வண்ணம் அடித்தால் உப்புப் பூத்து, தோல் உரிவதுபோல் உரிந்து வரும். வெளியே வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நாள்கள் ஒவ்வொன்றும் பணம். ஆகவே அவற்றைக் குறுக்கத் தோன்றும். உள்ளே குடியிருப்பவர்களுக்கு அந்த அவசரம் குறைவு. கட்டம் கட்டமாகச் செய்யும் வழிக்குத் தரத்தின் பக்கத்தில் இது ஒரு உண்மையான ஆதாயம், அதிகம் பேசப்படாததும்கூட.

மிகப் பழைய வீடுகளில் சுவர் சுண்ணாம்புச் சாந்தினால் கட்டப்பட்டிருக்கும். அத்தகைய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாக ஆவியாக்கிவிடும் தன்மையுடையது. அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சோ பிளாஸ்டிக் தன்மையுள்ள வண்ணமோ ஏற்றினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயரத்துக்கு ஏறும், அல்லது பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஓதம் காணும் சுவருக்குச் சிமெண்டே மருந்து என்று நம்பிச் செய்தவர்கள், சில பருவங்கள் கழித்து முன்பைவிட உயரத்தில் ஓதம் ஏறியதைக் கண்டிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம். அது மெதுவாக இறுகும் என்பதால், இங்கும் நிதானமாகச் செய்பவருக்கே வசதி.

இனி உடல்நலம். உள்ளே இருந்தபடி செய்வதற்கு எதிரான மிக வலுவான வாதம் இதுதான்; சிக்கனத்தின் பெயரால் இதைத் தள்ளிவைப்பது எனக்கு ஏற்புடையதன்று. கல்லையும் கான்கிரீட்டையும் செங்கல்லையும் அறுக்கும்போது எழும் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் அதன் நுண்துகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸும் அதே பிரிவில் உள்ளது. பழைய கூரைத் தகடுகளிலும், குழாய்களிலும், சில தரை ஓடுகளிலும் அது இருக்கக்கூடும், உடைக்காமல் இருக்கும்வரை அபாயம் குறைவு, உடைத்தால் இழைகள் காற்றில் கலக்கின்றன, நோய் பல பத்தாண்டுகள் கழித்தே தெரிகிறது. பழைய வண்ண அடுக்குகளில், குறிப்பாக மரக் கதவுகளிலும் இரும்புக் கம்பிகளிலும் பூசியவற்றில், ஈயம் இருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதும் தீச்சுடரால் எரித்து உரிப்பதும் மிக ஆபத்தானவை. குழந்தைகளைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆகவே வேலை தொடங்கும் முன் சந்தேகமான வண்ணத்தையும் தகட்டையும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம். ஈயமோ ஆஸ்பெஸ்டாஸோ உறுதியானால், அதை அகற்றும் நாள்களில் குடும்பத்தினர் எவரும் உள்ளே இருக்கக்கூடாது. அகற்றுவதும் அதற்குரிய பயிற்சி பெற்றவர்களின் வேலை. மற்ற இடிப்பு வேலைகளுக்கு, அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுப்பதும், வேலை நடக்கும் பகுதியைத் தரையிலிருந்து கூரை வரை பிளாஸ்டிக் தாளால் மூடி மூட்டுகளை நாடாவால் ஒட்டுவதும், துடைப்பத்தால் பெருக்காமல் நுண்துகள் வடிகட்டியுள்ள உறிஞ்சியாலும் ஈரத்துணியாலும் சுத்தம் செய்வதும் தூசியைப் பெருமளவு குறைக்கும். கைக்குழந்தை, கருவுற்ற பெண், ஆஸ்துமாவோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர் ஆகியோர் இருக்கும் வீட்டில், இடிப்பும் சுவர் வெட்டும் நடக்கும் காலத்துக்காவது அவர்கள் வேறிடத்தில் இருந்தாக வேண்டும்.

முதியவர்களின் நிலை இரு பக்கமும் சாய்வது. பார்வையோ நினைவாற்றலோ குறைந்த ஒருவருக்குப் பழகிய வீட்டிலிருந்து திடீரென்று வேறு வீட்டுக்குப் போவது பெரும் குழப்பத்தைத் தரும். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியே அவருக்கு மறந்துபோகலாம். அதே சமயம், பாதை தினமும் மாறிக்கொண்டிருக்கும் வேலைநடக்கும் வீட்டில் தடுக்கி விழும் அபாயமும் உண்டு. இப்படிப்பட்ட வீடுகளில் அவருடைய அறையையும், அங்கிருந்து கழிப்பறைக்குச் செல்லும் வழியையும் தொடாமல் வைத்து, எல்லாவற்றுக்கும் கடைசியில், சில நாள்களில் முடியக்கூடிய வேலையாக அதைச் செய்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வழி இந்த இடத்தில்தான் தன் தகுதியைக் காட்டுகிறது. சுவர் வெட்டி மூன்று உள்ளமைப்புகளையும் புதைக்கும் கட்டத்தில் தூசியும் சத்தமும் தண்ணீர், மின் நிறுத்தமும் ஒருசேரக் குவிகின்றன. அந்தக் கட்டத்துக்கு மட்டும் குடும்பம் உறவினர் வீட்டிலோ குறுகிய கால வாடகையிலோ இருந்துவிட்டால், முழு வெளியேற்றத்தின் நன்மையில் பெரும்பகுதி அதன் செலவில் ஒரு பகுதிக்கே கிடைக்கிறது. வீட்டில் மேல்தளமோ தனி வாசலுள்ள பின்பகுதியோ இருந்தால், வெளியே செல்லாமலேயே ஒரு பாதியில் ஒதுங்கி, மறுபாதியை முடித்து, பிறகு இடம் மாறிக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது முதல் பாதியில் போடும் குழாய்களும் மின்பெட்டியும் முழு வீட்டின் தேவையைக் கணக்கிட்டே போடப்பட வேண்டும். இரண்டாம் பாதிக்கான முனைகளை அடைத்து, எளிதில் எட்டும் இடத்தில் விட்டுவைக்க வேண்டும்.

எந்த வழியானாலும் உள்ளே வாழ்பவர்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை சில: வேலைசெய்யும் ஒரு கழிப்பறை, ஓடும் தண்ணீர் கிடைக்கும் ஓர் இடம், அடுப்பு வைக்கப் பாதுகாப்பான ஒரு மூலை, பூட்டித் தூசியைத் தடுக்கக்கூடிய ஓர் உறங்கும் அறை. வீட்டில் ஒரே கழிப்பறை இருந்து அதையே இடிக்க வேண்டியிருந்தால், உள்ளே இருந்து செய்யும் பேச்சுக்கே இடமில்லை. முதலில் இரண்டாவது ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். குளியலறையின் நீர்த்தடுப்புப் பூச்சை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிக்க வேண்டும் என்பதால், அந்த அறை எண்ணியதைவிட நீண்ட காலம் பயன்பாட்டில் இருக்காது. கழிப்பறையின் இடத்தை மாற்ற விரும்புவோர் சரிவையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 100 மில்லிமீட்டர் கழிவுக் குழாய்க்கு 1:40 சரிவு கொடுத்தால் நான்கு மீட்டர் தூரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இறக்கம் தேவை, அந்த ஆழம் தளத்துக்குள் கிடைக்காவிட்டால் தரையை உயர்த்த நேரும். வேலைக்கெனத் தற்காலிகமாக இழுக்கும் மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுமின் தடுப்பான் கட்டாயம். ஈரமும் உலோகக் கருவிகளும் சிறுவர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது இதில் சமரசம் கூடாது.

சுமை தாங்கும் சுவரை எடுப்பது, அதில் அகலமான திறப்பு செய்வது போன்றவற்றுக்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் முட்டுக்கொடுத்தலும் தேவை. அந்த வேலை நடக்கும்போது மேலேயும் அருகிலும் யாரும் வசிக்கக்கூடாது. இதை விரித்துச் சொல்ல எதுவுமில்லை.

பண விஷயத்தில், கட்டம் கட்டமாகச் செய்பவர்கள் ஒரு விதியைப் பிடித்துக்கொள்வது நல்லது: ஒவ்வொரு கட்டமும் அத்துடன் பணி நின்றுபோனாலும் வீடு வாழத்தக்கதாக இருக்கும் இடத்தில் முடிய வேண்டும். பணம் தீரலாம், வேலை மாறலாம், நோய் வரலாம். பாதி திறந்த கூரையோடு நிற்கும் திட்டம் அப்போது தாங்காது. ஒப்பந்தத்தையும் கட்டவாரியாகவே எழுதி, முடிந்து சோதிக்கப்பட்ட வேலைக்கே பணம் என்று வைத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையாவது எதிர்பாராததற்கென ஒதுக்குவது பழைய வீட்டுக்கு மிகையன்று. அந்தத் தொகையை முதற்கட்டத்திலேயே அலங்காரத்துக்குச் செலவிட்டுவிடக்கூடாது. வீட்டுக் காப்பீடு இருந்தால், வேலை நடக்கும்போதும் வீடு ஆளின்றி இருக்கும்போதும் அது செல்லுபடியாகுமா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வீடு பலருக்கு உரிமையுள்ளதாக இருந்தால், யார் எவ்வளவு செலவிடுகிறார், அது பின்னர் பங்கில் எப்படிக் கணக்கிடப்படும் என்பது முதல் கல்லை எடுக்கும் முன்பே கையெழுத்தோடு இருக்க வேண்டும். கட்டங்கள் நீள நீள இந்தக் கணக்கு மனத்தாங்கலாக மாறும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தேர்வு ஓரளவு தானே தெளிகிறது. கட்டமைப்பே பழுதுற்றிருந்தாலோ, ஆஸ்பெஸ்டாஸ் பரவலாக இருந்தாலோ, ஒரே கழிப்பறையும் ஒரே வாசலும் உள்ள சிறு வீடாக இருந்தாலோ, வாடகைச் சுமையையும் மீறி முழுவதும் வெளியேறுவதே சரி. குழாயும் ஒயரும் அண்மையில் மாற்றப்பட்டு, தரை, மரவேலை, வண்ணம் மட்டுமே மிஞ்சியிருந்தால், உள்ளேயே இருந்து அறை அறையாகச் செய்வதில் தயங்க ஒன்றுமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் வீடுகளே அதிகம். அவற்றுக்கு உள்ளமைப்புக் கட்டத்தில் வெளியேறி, மற்றபடி குடியிருப்பதைப் பரிந்துரைப்பேன். அந்தக் கட்டத்தின் கடைசி நாளில், பூச்சு மூடுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவை ஒட்டிப் பிடித்துப் படமெடுத்து, குழாயும் ஒயரும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரத்தில் செல்கின்றன என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கட்டத்தில் ஆணி அடிக்கவோ துளையிடவோ வருபவர் வேறொருவராக இருப்பார்; அவருக்குக் காட்டுவதற்கு அந்தப் படங்களைத் தவிர வேறு எதுவும் இருக்காது.